செலின் மேரியின் முக்குளிக்கிற வாட்ச்

செலின் மேரியின் கல்யாண வாட்ச் மூன்றாவது தடவையாகச் செத்தது, குருவிநத்தத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்த காலையில். குழந்தை அழ ஆரம்பித்தது, வாட்ச் நின்றுபோனது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன.

அவள் குருவிநத்தம் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். வீடு வில்லியனூருக்குப் பக்கத்தில், மாதா கோயில் தெருவில். தினமும் பாகூர் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவள். நாடி பார்க்க வாட்ச் வேண்டும். நொடி முள் தெரிய வேண்டும். அவளிடம் இருந்ததோ கல்யாணத்துக்கு மாமியார் போட்ட தங்க முலாம் வாட்ச். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதில் மணி பார்க்க வேண்டுமென்றால் முதலில் வாட்ச்சைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சாயங்காலம் வில்லியனூரில் இறங்கியதும் வாட்ச் ரிப்பேர் கண்ணையனிடம் போனாள். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மரப்பெட்டிக் கடைக்குள் உட்கார்ந்திருப்பவன் அவன். லென்ஸை ஒரு கண்ணில் கவ்விக்கொண்டு மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது.

"நர்ஸம்மா, மொத தடவ கெணத்துத் தண்ணின்னீங்க. ரெண்டாவது தடவ கஞ்சின்னீங்க. இது இன்னா தண்ணி?"

"பனிக்குடத்துத் தண்ணி."

கண்ணையன் வாட்ச்சை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"இனிமே இத என்னாண்ட கொண்டாராதீங்க. உங்க வேலைக்கு முக்குளிக்கிறவன் கட்டுற வாட்ச்சுதான் சரி. பாரின்ல கடலுக்குள்ள எறங்குறவன் கட்டுறான். சாவிய இழுத்தா வராது, திருகித்தான் கழட்டணும். அதனால தண்ணி உள்ள போவாது. செல்லு போட்ட குவார்ட்ஸ் வேற வந்திருக்குது, தெனம் சாவி குடுக்குற வேலையே இல்ல. ஆனா பெருசா இருக்கும். பாக்க அசிங்கமா இருக்கும். ஆம்பள வாட்ச்சு."

"அதெல்லாம் நான் கேக்கல. எங்க கெடைக்கும்?"

"உங்க வூட்டுக்காரரு சித்தப்பாதான் பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தாவாச்சே. திருநாளுக்கு வருவாரில்ல? அவரக் கேளுங்க."

வீட்டில் இந்தப் பேச்சை எடுத்ததும் மாமியார் காசம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"கைக்கு நகை மாரி இருக்கட்டும்னு போட்டேன். அதக் கொண்டுபோயி ஊர்க்காரிங்க பிரசவத்துல முக்கி எடுத்தா சாவாம இன்னா பண்ணும்?"

"அதுக்குத்தான் அத்தை சாவாத வாட்ச்சா வாங்கப் போறேன்."

"ஆம்பள வாட்ச்சாமே?"

அவள் புருஷன் அமிர்தசாமி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்திருந்தான். கேட்காமலே மணி சொல்லுகிற ஆள் அவன். தெருவில் எவனாவது எதிரே வந்தால் முழங்கை வரை சட்டையைத் தள்ளி, "ஆறே கால்" என்பான். எதிரே வந்தவன் மாட்டைத் தேடிக்கொண்டு போவான். இருந்தாலும் சொல்லுவான். தன் பெண்டாட்டி தன்னுடையதைவிடப் பெரிய வாட்ச் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது அவனுக்குச் சோறு இறங்காத சங்கதியாக இருந்தது.

"கடல்ல குதிக்கப் போறியா நீ? பஸ்ல போறவளுக்கு எதுக்குடி கப்பல்காரன் வாட்ச்சு?"

"பஸ்ல போறதுக்கு இல்ல. பஸ்ஸ வுட்டு எறங்குனப்பறம் பண்ற வேலைக்கு."

சித்தப்பா சூசைநாதன் மே மாதத் திருநாளுக்கு வந்து இறங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பிரான்சில் துலோன் என்கிற கடற்கரை ஊரில் வீடு. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் தெருவே அவர் முன்னால் உட்காரும். அல்ஜீரியாவில் சுட்டேன், அங்கே சுட்டேன், இங்கே சுட்டேன் என்பார். அவர் சுட்டதெல்லாம் ரொட்டிதான் என்பது குடும்பத்துக்கு மட்டும் தெரியும். பட்டாளத்துச் சமையல்கட்டை விட்டு அவர் வெளியே வந்ததே பென்ஷன் வாங்கத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெட்டியைத் திறந்து பாயில் மூன்று வாட்ச்சுகளைப் பரப்பினார்.

முதலாவது தங்க நிறம், குலோப் ஜாமூன் மாதிரி பளபளப்பு. தேதி தெரியும், கிழமையும் தெரியும், பிரெஞ்சில். "ஞாயித்துக்கெழமைக்கு திமான்ஷ்னு வரும் பாரு" என்றார். காசம்மாள் அதைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டாவதுக்கு முள்ளே கிடையாது. எண்கள் மட்டும் மினுங்கும். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டுப் பாடும். எந்தப் பொத்தான் என்று சித்தப்பாவுக்கே தெரியவில்லை; அழுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பாடியது.

மூன்றாவது கறுப்பு. கனம். சுற்றிலும் எண் போட்ட ஒரு வளையம். கண்ணாடிக்குக் கீழே 200 மீட்டர் என்று எழுதியிருந்தது.

"இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும்" என்றார் சித்தப்பா.

பக்கத்து வீட்டு வீரப்பன் சிரித்துவிட்டான். அவன் கரும்பு போடுகிறவன். வேலை இல்லாத நேரமெல்லாம் இந்த வீட்டு வாசலில்தான். "பாகூர் ஏரியில நட்டநடுவுல எறங்குனாலே எனக்கு மார்பளவுதான் தண்ணி. மிச்ச ஆழத்துக்கு எங்க போறது?"

செலின் மேரி மூன்றையும் ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். கொடியில் கிடந்த கம்பளியை எடுத்துத் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே கத்திரி வெயில். காசம்மாள் எட்டிப் பார்த்து, "மாதாவே, மருமவளுக்கு ஏதோ ஆயிப்போச்சி" என்று அலறினாள்.

கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "தங்க வாட்ச்சுல ஒண்ணும் தெரியல. பாட்டு வாட்ச்சுல பொத்தான அமுக்கினாத்தான் தெரியுது, எனக்கு அந்த நேரத்துல ரெண்டு கையும் காலியா இருக்காது. கறுப்புல ரேடியம் நல்லாத் தெரியுது. நொடி முள்ளுகூட."

வியர்த்துக் கொட்ட வெளியே வந்தவள், "மாமா, மூணுமே தண்ணி போவாதுன்னு சொன்னீங்க இல்ல?" என்று கேட்டாள்.

"போவாது. துலோன் கடல்ல கட்டினு குதிச்சிருக்கேன்."

"எத?"

"எல்லாத்தையுந்தான்."

"ஒரே சமயத்துலயா?" என்றான் வீரப்பன்.

அந்த ஒரு கேள்வி சித்தப்பாவை மாட்டிவிட்டது. அத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியாமல், வேண்டுமானால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொல்லி முடிப்பதற்குள் செலின் மேரி ஒரு பழைய பாவாடை நாடாவில் மூன்றையும் கோத்துவிட்டாள். ஊர்வலமாக வீரப்பனின் மோட்டார் கொட்டகைக்குப் போனார்கள். பட்டாளத்து மூலதனம் பாவாடை நாடாவில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி சித்தப்பா கடைசியில் வந்தார்.

தொட்டிக்குள் இறக்கிவிட்டு, உலை கொதித்துக் காசம்மாள் சோறு வடிக்கிற வரைக்கும் விட்டுவைத்தார்கள். நடுவில் பாட்டு வாட்ச் தண்ணீருக்குள்ளேயே தானாகப் பாட ஆரம்பித்தது. பாடிக்கொண்டே செத்தது. நாடாவை இழுத்தபோது தங்க வாட்ச்சின் கண்ணாடிக்குள் பனி மூடியிருந்தது. திமான்ஷ் அதற்குள் ஊறிக்கொண்டிருந்தது. கறுப்பு வாட்ச் எதுவுமே நடக்காதது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

சூசைநாதன் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சாப்பிடக் கூப்பிட வந்திருந்த காசம்மாள் அதை ஜெபம் என்று நினைத்து, "ஆமென்" என்றாள்.

கறுப்பு வாட்ச் செலின் மேரிக்கு வந்தது. அவள் சம்பளத்தில் அவளே வாங்கினாள். அமிர்தசாமி அன்று முழுக்க யாருக்கும் மணி சொல்லவில்லை.

வாங்கியது சுலபம், கட்டுவது கஷ்டமாக இருந்தது. ரப்பர் பட்டை அவள் கையை இரண்டு சுற்றுச் சுற்றும். கண்ணையன் ஓட்டை போட்டுக் கொடுத்தான். ஒரே வாரத்தில் வியர்வையில் மணிக்கட்டு வெந்து சிவந்துவிட்டது. ரப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு முரட்டு நைலான் பட்டை ஒன்றைக் கோத்துக்கொண்டாள். துவைத்துக் காயப்போட்டால் மறுபடியும் புதுசு. அதற்குப் பிறகு அவள் அதைக் கழற்றவே இல்லை. குளித்தாள், துவைத்தாள், மீன் கழுவினாள், ஊசி கொதிக்க வைத்தாள், எல்லாம் வாட்ச்சோடு. பஸ் கண்டக்டர், "நர்ஸம்மா, கையில இன்னா பம்பு செட்டா?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் பஸ் எவ்வளவு தாமதம் என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அவன் கேட்கவில்லை.

வில்லங்கம் கோயிலில்தான் வந்தது. அந்த வளையம் திருப்பினால் டிக் டிக்கென்று சத்தம் போடும். எது ஆரம்பித்தாலும், எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்க, வளையத்து முக்கோணத்தைப் பெரிய முள்ளுக்கு நேராகத் திருப்பி வைப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு எழுந்து, "கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே" என்றதும் அவள் விரல் தன்பாட்டுக்குத் திருப்பியது. டிக் டிக் டிக். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த வாரம் சாமியார் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாப் பெண்களும் செலின் மேரியின் கையைப் பார்த்தார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது, "இன்னிக்கி எம்மா நேரம்டி?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆண்கள் பக்கத்தில் பந்தயமே கட்டினார்கள் என்று கேள்வி.

சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பெயர் அல்போன்ஸ். நல்ல மனுஷர், பேச்சை நிறுத்தத்தான் வராது.

"செலினு, நீ கோயில்ல ஆண்டவரோட நேரத்த அளக்கிறியாமே?"

"ஐயோ, இல்ல சாமி. உங்க நேரத்தத்தான்."

சாமியார் ஜெபமாலையை உருட்டினார். "சரி. எவ்ளோ ஆவுது?"

"போன வாரம் நீங்க பேச ஆரம்பிக்கிறப்போ ஒருத்திக்கு வலி எடுத்திருந்தா, முடிக்கிறப்போ புள்ளய குளுப்பாட்டியிருப்பேன் சாமி."

அடுத்த ஞாயிறு அவர் ஆணவம் என்ற பாவத்தைப் பற்றிப் பேசினார். வழக்கத்தைவிட நீளமாக. செலின் மேரி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். இருந்தும் டிக் டிக் கேட்டது என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு.

இதெல்லாம் அமிர்தசாமிக்கு வெட்கக்கேடாக இருந்தது. மில்லில் "வாட்ச்சுக்காரி புருஷன்" என்று ஒரு பெயர் வேறு வந்துவிட்டது. "கழட்டி வெச்சிட்டு வாடி" என்று கோயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் சொல்லுவான். "நீங்க கழட்டுங்க, நானும் கழட்டுறேன்" என்பாள் அவள். இரண்டு பேரும் கழற்ற மாட்டார்கள்.

நவம்பரில் மழை பிடித்தது. மூன்று நாளாக விடாமல் பெய்து பஸ் நின்றுபோன அன்று, குருவிநத்தத்திலிருந்து ஆள் வந்தான். அந்தோணிசாமி என்ற விவசாயக் கூலியின் பெண்டாட்டி தனக்கொடிக்கு வலி கண்டுவிட்டது, தலைப்பிரசவம். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போவதால் ஆஸ்பத்திரி ஜீப் வர வழியில்லை. செலின் மேரி பையைத் தூக்கிக்கொண்டாள். தனியாக அனுப்ப மனசு வராமல் அமிர்தசாமி சைக்கிளை எடுத்தான். போகிற வழியில் பாதி நேரம் சைக்கிள்தான் அவன் தோள் மேல் போனது. குருவிநத்தம் நெருங்கும்போது கால் வழுக்கி வாய்க்காலில் முழுசாக உட்கார்ந்தான். எழுந்ததும் முதல் காரியமாக வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தான். சத்தமில்லை. சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டான். செலின் மேரி பார்த்தாள். பார்க்காதவள் மாதிரி முன்னால் நடந்தாள்.

அந்தோணிசாமியின் வீடு ஒரே அறை. மத்தியானம்தான், ஆனால் மேகத்தில் உள்ளே கும்மிருட்டு. கரண்டும் இல்லை. இருந்த ஒரே சிம்னி விளக்கு தனக்கொடியின் காலடிக்குப் போய்விட்டது. இனி செலின் மேரிக்கு இரண்டு கையும் காலியாக இருக்காது. வாட்ச்சைக் கழற்றிக் கதவிடுக்கு வழியாக வெளியே நீட்டினாள்.

"ஏங்க, இதப் புடிங்க. இவ வலி வந்து கத்துவா. கத்துனதும் வளையத்து முக்கோணத்த பெரிய முள்ளாண்ட திருப்பி வெச்சிக்கங்க. அடுத்த தடவ கத்துறப்போ எவ்ளோ ஆச்சின்னு எனக்குச் சொல்லுங்க. சொல்லிட்டு மறுபடியும் திருப்பி வெய்ங்க."

"நானா?"

"மணி சொல்றதுக்கு உங்கள வுட்டா வேற எவன் கீறான் இங்க? வலி நெருங்கினே வரணும். வெலகிப் போச்சின்னா இவள கட்டிலோட தூக்கினு அந்தத் தண்ணியில பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும். தப்பாச் சொல்லிடாதீங்க."

தாழ்வாரத்தில் இரண்டு ஆண்களும் சாரலில் குந்தினார்கள். அந்தோணிசாமி துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். உள்ளே தனக்கொடி கத்தினாள். அமிர்தசாமி வளையத்தைத் திருப்பினான், டிக் டிக். அடுத்த கத்தலுக்கு, "ஏழு!" என்று கூவினான். அதற்கடுத்து, "ஆறு!" பிறகு, "ஆறுக்குக் கொஞ்சம் கம்மி!"

"எவன்டா அவன் வெளிய நின்னு ஏலம் போடுறவன்?" என்று உள்ளேயிருந்து தனக்கொடியின் குரல் கிழிந்து வந்தது. "அவன இங்க வந்து படுக்கச் சொல்லு, நான் வெளிய நின்னு எண்றேன்!"

அப்புறம் அவள் தன் புருஷனைத் திட்டினாள், அவன் அப்பனைத் திட்டினாள், ஆண் சாதியையே மொத்தமாகத் திட்டினாள். அந்தோணிசாமி எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றான்.

கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது. அமிர்தசாமி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டில் அந்தப் பச்சை வெளிச்சம் மட்டும் நகர்ந்தது.

"செலினு, எட்டு தாண்டிப்போச்சி."

பெரிய முள் இன்னொரு கோடு நகர்ந்தது.

"ஒம்போது."

"தெரியும். பாத்துனே இருங்க." அவள் குரலில் இப்படியொரு பயத்தை அவன் கேட்டதே இல்லை. "கட்டிலுக்குக் கயிறு தேடி வெய்ங்க."

அந்தோணிசாமி கயிற்றை எடுக்க ஓடினான். உள்ளே செலின் மேரி தனக்கொடியை எழுப்பி, தோளில் கை போட்டுச் சுவரோரமாக நடத்திக்கொண்டிருந்தாள். "நடடி. என் கழுத்த நெரிச்சிக்க. திட்டணும்னா திட்டு. நட." அமிர்தசாமி வாட்ச்சைக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு, யாரிடம் என்று தெரியாமல் ஜெபம் செய்தான். பதினொன்றைத் தாண்டும்போது உள்ளே ஒரு கத்தல் கேட்டது. அவனும் சேர்ந்து கத்தினான். அடுத்தது ஐந்தில் வந்தது. அதற்கடுத்தது மூன்றில். அதற்குப் பிறகு வளையத்தைத் திருப்ப நேரமே கிடைக்கவில்லை.

ஆண் குழந்தை. அழுகை கேட்டதும் அந்தோணிசாமி கயிற்றோடு சேற்றில் உட்கார்ந்தான். அமிர்தசாமி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். கதவைத் திறந்த செலின் மேரி அவனை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வரலாம் என்று மறுபடியும் கதவைச் சாத்தினாள்.

வாட்ச்சை அவன் திருப்பித் தரவில்லை.

ஊருக்கு வரும்போது அவன் கையில் இருந்தது. மறுநாள் காலை அதைக் கட்டிக்கொண்டே மில்லுக்குப் போய்விட்டான். கேட்டதற்கு, "என்னுது ரிப்பேர்ல கீது, ரெண்டு நாளு போட்டுக்கிறேன்" என்றான். ரெண்டு நாள் ஒரு வாரமானது. குருவிநத்தத்தில் செலின் மேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடி பிடித்தாள். அந்தக் கடிகாரம் தனக்குத் தோன்றியபோது ஓடும்.

எட்டாவது நாள் சாயங்கால டியூட்டி. அதற்கு முன்னால் பஸ் ஏறிப் பாண்டிக்குப் போய், ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு மில் கேட்டில் நின்றாள். சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே கொட்டினார்கள். நடுவில் அமிர்தசாமி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, சுற்றி ஏழெட்டுப் பேருக்கு வளையத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தான்.

"கழட்டுங்க" என்றாள்.

"செலினு, எல்லாரும் பாக்குறாங்க. வூட்டுக்கு வா, பேசிக்கலாம்."

"வூட்டுல எட்டு நாளாப் பேசியாச்சி. நான் இப்ப டியூட்டிக்குப் போறேன். கழட்டுங்க."

அவன் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். தலையைக் குனிந்துகொண்டு, "இது கையில இருந்தாத்தான் அன்னிக்கி நடந்தத கேக்குறாங்க" என்றான். "இத்தினி வருஷமா நான் இன்னா சொன்னாலும் எவனும் நின்னு கேட்டதில்லடி."

செலின் மேரிக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் கழற்றிக் கொடுத்தான். நைலான் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு அவள் நேராகக் கேட்டில் நின்றவர்களிடம் போனாள். பின்னாலேயே அமிர்தசாமி, "ஏய், ஏய்" என்று ஓடிவந்தான்.

"அண்ணன்மாருங்களா, இது என் வாட்ச்சு. நான் பாத்து வாங்குனது. ஆனா அன்னிக்கி மழையில ஒக்காந்து ஒரு தப்பும் இல்லாம வலி கணக்கு சொன்னது இவருதான். இவரு சொன்னத வெச்சித்தான் நான் அந்தப் பொண்ண எழுப்பி நடக்க வெச்சேன். ரெண்டு உசுரும் பொழச்சிது. வாட்ச்சு இல்லன்னாலும் கேளுங்க, சொல்லுவாரு."

மெஷின் பார்க்கிற ஒரு வயசான பிட்டர் அமிர்தசாமியின் முதுகில் தட்டினார். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அழுததச் சொல்லிடாதடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"எப்ப அழுதீங்க?" என்றாள் செலின் மேரி.

பாகூர் பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவனைச் சுற்றி மறுபடியும் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவன் வெறும் கையை ஆட்டி ஆட்டி, தண்ணீர் எவ்வளவு ஆழம் இருந்தது என்பதைக் காட்டிக்கொண்டிருந்தான்.